நடுத்தாழையின் மூச்சு

உங்க பேரை ஒருத்தன் பாட்டுக்குள் வைத்துப் பாடினால் உங்களுக்கு என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்? வெட்கம் வரும், சிரிப்பு வரும், பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறு எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கத் தோன்றும், அவ்வளவுதானே. எங்கள் நடுத்தாழையில் மூச்சு போகும். செத்துப்போவது என்று நினைத்துப் பயந்துவிடாதீங்க. அந்த வரி முடிகிற வரைக்கும் நம் மூச்சு நம்மிடம் இருக்காது, பாடுகிறவனிடம் இருக்கும். வரி முடிந்ததும், இரவல் போன இட்லிச்சட்டி மாதிரி, கொஞ்சம் சூட்டோடு திரும்பி வந்துவிடும். பாடுகிறவன் என் தம்பி டெல்வின்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோயில் ஒன்று, ஐஸ் கம்பெனி ஒன்று, ஏலக் கொட்டகை ஒன்று, மற்றபடி எல்லாம் வீடும் நாயும்தான். ஆம்பிளைகள் சங்கு எடுக்கக் கடலுக்கு அடியில் முங்குகிறவர்கள். பக்கத்து ஊர்களில் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு முங்கி, கால் இழுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு, நமக்கு அந்தக் குழாய் வேண்டாம், வெறும் தம்மிலேயே முங்குவோம் என்று கமிட்டி கூடி முடிவு செய்த ஊர். மூச்சை அடக்கி வைப்பதைத்தான் நாங்கள் தம் என்போம். மாப்பிள்ளை பார்க்கப் போனால் குடிப்பானா என்று கேட்பதற்கு முன்னாலேயே தம் எப்படி என்றுதான் கேட்போம். அப்படி ஒரு ஊரில் என் தம்பி இளைப்போடு பிறந்தான். பிறந்தநாளுக்கு வாங்கின பலூனை அவனால் ஊத முடியாது, நான் ஊதிக் கொடுப்பேன், அவன் கட்டி வைத்துக்கொள்வான். கூடப் படித்த பயல்கள் எல்லாம் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனபோது இவன் இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனான்.

அங்கேதான் ஆரம்பித்தது. ஐஸ் உடைக்கிற மிஷின் சும்மா சத்தம் போடாது, ஒரு கணக்கோடு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவன் பேச ஆரம்பித்தான். பேச்சு என்றால் பேச்சு இல்லை, பாட்டு என்றால் பாட்டும் இல்லை, மிஷினோடு சண்டைக்கு நிற்கிற மாதிரி ஒன்று. கேட்டால் ராப் என்றான். மீன் ஏலத்தில் நிற்கிற பிலோமி மைனி ஐஸ் வாங்கப் போனவள் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்:

“ஏட்டி, உன் தம்பி யாரையோ விடாம ஏசிட்டிருக்கான். யாருன்னு கேளு. நானா இருந்தா நேரா வந்து ஏசச் சொல்லு.”

“அது பாட்டு, மைனி.”

“பாட்டுக்கு ஏன் இப்படிக் கையை நீட்டி நீட்டி மெரட்டுதான்?”

அந்த நாளிலிருந்தே எனக்கு என் தம்பி விஷயத்தில் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் அப்போது அவனால் ரெண்டு வரிக்கு மேல் போக முடியாது. மூன்றாவது வரியில் நெஞ்சு விசில் அடிக்கும், உட்கார்ந்துவிடுவான்.

மாதா திருவிழாவுக்கு மேடை போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்து, குலுக்கல் பரிசு முடிந்து, ஆள் கலைகிற நேரத்தில் போனால் போகிறது என்று இவனுக்கு மைக் கொடுத்தார்கள். தொம்மை மாமா முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய தம் அவருக்குத்தான்; அவர் முங்கினால் வள்ளத்தில் இருப்பவர்கள் ஒரு பீடி பற்றவைத்து முடித்துவிடலாம். டெல்வின் அவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்:

*தொம்மை மாமா முங்குனா கடலு நின்னு பாக்கும்,*
*சங்கு வந்து கையில ஏறும், சுறா வழிய கேக்கும்…*

அடுத்த வரி வந்தது, அதற்கடுத்த வரி வந்தது, இவன் நிற்கவே இல்லை, இளைக்கவில்லை, நடுவில் வாய் திறந்து காற்று இழுக்கக்கூட இல்லை. ஒரு வரியின் வாலைப் பிடித்து இன்னொரு வரி, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று, எல்லாம் சேர்ந்து ஒரே நீள வரி. கலைந்து போன ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார்கள், ஜெனரேட்டர்காரன் ஜெனரேட்டரை விட்டுவிட்டு வந்தான், கோயில் புறாக்கள் கூரையில் வரிசையாக உட்கார்ந்தன. முன்வரிசையில் தொம்மை மாமா மட்டும் வாயில் கடலையோடு அசையாமல் இருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு கையால் மூக்கைப் பிடித்திருந்தார். பாட்டு முடிந்ததும் தண்ணீருக்கு மேல் வந்தவர் மாதிரி “ஹூ” என்று ஊதி, கடலையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“பய என் தம்முல பாடுதான். வாயெல்லாம் மைக் இரும்பு ருசி.”

அவ்வளவுதான். யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, யாரும் ஓடவில்லை. கடலில் ஒருத்தனுக்குத் தண்ணீர் தீர்ந்தால் அடுத்தவன் குடத்தில் குடிப்பதில்லையா, அந்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரத்துக்குள் இந்த விஷயத்தின் முறை என்ன என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. சும்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பாட்டில், தாளத்தின் மேல் அந்தப் பேர் விழ வேண்டும். விழுந்தால் அந்தப் பேருக்கு உடையவர் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், அந்த வரிக்கு மூச்சு அவர் கொடுக்க வேண்டும். பிலோமி மைனி ஒருநாள் ஏலத்தில் ஒரு வியாபாரியை வம்சத்தோடு ஏசிக்கொண்டிருந்த நடுவில் வாய் திறந்தபடி நின்றுபோனாள். அவள் விலைக்கு ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து அந்த ஆள் சீலா மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மைனி நேராக ஐஸ் கம்பெனிக்கு வந்தாள்.

“ஏலே டெல்வினு, என் பேரைச் சொல்லு, வேண்டாங்கல. ஏலம் முடிஞ்சு சொல்லு.”

பேர் வராதவர்களுக்குத்தான் கோபம். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, அவன் பேரு வந்திருக்கு, அவன் பெண்டாட்டி பேரு வந்திருக்கு, எங்க வீட்டுல என்ன மூச்சுக்குப் பஞ்சமா என்று என்னிடம் கேட்டார்கள். மூச்சைக் கொடுத்தவர்களுக்குள்ளும் ஒரே குழப்பம். எனக்குத் தம் கூடியிருக்கிறது என்றார் ஒருவர். குறைந்திருக்கிறது என்றார் இன்னொருவர். திரும்பி வந்த மூச்சு என்னுடையது இல்லை, மாறி வந்துவிட்டது, வெங்காய வாசம் அடிக்கிறது என்று ஒருத்தர் கமிட்டியில் மனுவே கொடுத்தார். கமிட்டி கூடிப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். ஆகவே டெல்வின் பேர் சொல்லிப் பாடுவதெல்லாம் ஞாயிறு மட்டும். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்காத சின்னப் பிள்ளைகள் பேரைப் பாடக் கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி பேரைப் பாடக் கூடாது. மீதிப் பேர் எல்லாம் அவன் இஷ்டம்.

அதன்பிறகு அவன் பாட்டு செல்போனில் ஏறி ஊர் ஊராகப் போனது. தூத்துக்குடியில் காலேஜ் விழா, மதுரையில் மேடை, பிறகு சென்னை. தாழை டெல்வின் என்று போஸ்டர் ஒட்டினார்கள். அவன் அங்கே மேடை ஏறுகிற ஞாயிறுகளில் இங்கே ஊர் குளித்துச் சட்டை மாற்றிக் கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரும். ஒருவர் மாற்றி ஒருவருக்கு மூச்சு நிற்கும், வரும். யாருக்கு நிற்கிறதோ அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் விசிறிவிடுவார். வந்ததும், எப்படி இருக்கு கூட்டம் என்று கேட்பார்கள். “நெஞ்சுக்குள்ள யாரோ கை தட்டுதாவ” என்பார் தொம்மை மாமா. சென்னையில் இவனுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிற நிவேதா என்ற பெண், ஏன் டெல்வின் ஞாயிறு மட்டும் என்று கேட்டாளாம். அன்றைக்குத்தான் ஊரில் மூச்சு சும்மா இருக்கும் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அவள் அதைப் பெரிய தத்துவம் என்று எடுத்துக்கொண்டு, பனியனில் அச்சடித்து விற்றுவிட்டாள்.

இதில் என் பாடு என்ன என்று கேட்கிறீங்களா? எனக்குப் பெருமையும் பயமும் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அமலனும் முங்குகிறவர்தான். நான் மாசமாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை, ஐஸ் கம்பெனியில் டெல்வின் புதுப் பாட்டு ஒன்றைச் சொல்லிப் பார்த்தான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அமலன் மச்சானை நினைத்திருக்கிறான், பேர் தாளத்தில் விழுந்துவிட்டது. அந்நேரம் இவர் கடலுக்கு அடியில். வள்ளத்தில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் மூக்கில் ரத்தக்கறையோடு சோறு சாப்பிட்டுவிட்டு, டெல்வினைப் பார்த்து “கெழமை பாத்துப் பாடு மாப்ளே” என்று மட்டும் சொன்னார். டெல்வின் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

“வேணும்னு சொல்லலக்கா. பாசம் வந்தா பேரு வந்துருது. வந்த பெறகுதான் எனக்கே தெரியுது.”

அப்போதுதான் நான் முடிவு செய்தேன். என் வயிற்றில் இருக்கிறதுக்குப் பேரே வைக்கக் கூடாது. பேர் இருந்தால்தானே பாட்டில் விழும்?

பெண்ணாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைக் கையில் வாங்கின உடனே இவன் வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. *பாப்பா வந்தா, பாப்பா வந்தா, பால் வாசம் கொண்டு வந்தா* என்று தாளம் போகிறது. நான் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாப்பா என்பது உலகத்துப் பிள்ளைக்கெல்லாம் பொது, அது பேர் ஆகாது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் பேர் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசு இல்லை, பாருங்க. குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்தது, தடுப்பூசி அட்டையில் இன்னும் பெண் குழந்தை என்றே இருந்தது. நர்ஸ் அக்கா ஒவ்வொரு தடவையும் என்னை மேலும் கீழும் பார்ப்பாள். பிலோமி மைனி “ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு பேரு இருக்கு” என்பாள். “எங்க வீட்டுக் குட்டி என்ன கெட்டுப்போச்சு, பேரு இல்லாமலே நல்லாத்தானே திங்குது” என்று நானும் சிரித்துச் சமாளிப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் குழப்பம்தான். பேர் வைக்காமல் இருக்கவும் மனசு இல்லை. வைத்து, அதை என் தம்பிக்குச் சொல்லாமல் இருக்கவும் மனசு இல்லை. இதில் இன்னொரு ஆசை வேறு, யாரிடமும் சொல்லாதீங்க: ஒரு பெரிய மேடையில், பெரிய ஸ்பீக்கரில், என் மகள் பேர் கேட்க வேண்டும் என்றும் உள்ளே ஒன்று கிடந்து துடித்தது.

பங்குச் சாமியார் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

“என்னம்மா, பிள்ளை நடக்கப் போகுது, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கலியே?”

“பேரு அமையல, சாமி.”

“பைபிள்ல இத்தனை பேரு இருக்கு, ஒண்ணுகூடவா உனக்கு அமையல?”

அவர் வெளியூர்க்காரர், ஞாயிறு பூசை முடிந்ததும் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவார். இந்த மூச்சு விஷயத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை, கேட்டால் மேலிடத்துக்கு எழுதிப்போட்டுவிடுவார் என்று.

இந்த நேரத்தில்தான் டெல்வினுக்குச் சென்னையில் பெரிய மேடை வந்தது. அதில் ஜெயித்தால் மலேசியா, சிங்கப்பூர் என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. போவதற்கு முன்னால் என் பிள்ளைக்கு அவன்தான் ஞானத்தகப்பன் ஆக வேண்டும் என்று வந்து நின்றான். தாய்மாமன், வேறு யார் ஆவது? எங்கள் ஊரில், பிள்ளைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்கும்போது ஞானத்தகப்பன்தான் வாய் திறந்து பேரைச் சொல்ல வேண்டும். இதுதான் சிக்கல்.

“பேரு என்னக்கா?” என்றான் வந்ததும் வராததுமாக.

“வச்ச பெறகு தெரியும்.”

“நான்தான வைக்கப்போறேன்? எனக்குத் தெரியாம எப்படி வைப்பேன்?”

என் வீட்டுக்காரர் வலைப்பையைத் தைத்துக்கொண்டே சிரித்தார். “கேக்குதான்லா, பதில் சொல்லு” என்றார். உள்ளதைச் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு எத்தனை பெரிய நெஞ்சு, ஒரு வரிக்குத் தாங்குமா, நீ ஒரு வரியோடு நிறுத்துகிறவனா என்று கேட்டேன். பேரே இல்லாமல் பாடுகிறேன் இனிமேல், பார் என்று அவன் வாசலில் போய் நின்று ஆரம்பித்தான். கடல் என்றான், உப்பு என்றான், வெயில் என்றான். முதல் வரி வந்தது, இரண்டாவது தள்ளாடி வந்தது, மூன்றாவதில் நெஞ்சு விசில் அடித்தது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு இன்ஹேலரை உறிஞ்சினான். கோழிகள் எல்லாம் நின்று பார்த்தன. நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். சின்ன வயதில் தடவின அதே முதுகு. பேர் இருந்தால் என் மகளுக்கு ஆபத்து, பேர் இல்லாவிட்டால் என் தம்பிக்குப் பாட்டு இல்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தச் சாமியும் வந்து சொல்லவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஞானஸ்நானம். ஊர் மொத்தமும் வந்திருந்தது. ஒரு பேரைக் கேட்பதற்கு அவ்வளவு கூட்டம் எங்கள் கோயிலில் அதுவரை கூடினதில்லை. டெல்வின் வெள்ளைச் சட்டை போட்டு, பிள்ளையைக் கையில் ஏந்தி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். சாமியார் கேட்டார்:

“இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?”

டெல்வின் என்னைப் பார்த்தான். சாமியார் என்னைப் பார்த்தார். அமலன் என் முழங்கையை லேசாக இடித்தார். நான் போய்த் தம்பியின் காதில் பேரைச் சொன்னேன். அந்தப் பேரை உங்களிடம் சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீங்க. நாலு பேர் வாயில் புழங்கினால் அது தானாகவே தாளத்துக்குப் பழகிவிடும்.

அவன் சத்தமாகச் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஊர் முழுக்க அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. அது கோயில் கூரையில் பட்டு இறங்கியது, அவனுக்குப் பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னான், ஊர் இன்னொரு தடவை சொன்னது, அதற்குள் அவன் கால் கட்டைவிரல் தரையைத் தட்ட ஆரம்பித்திருந்தது. நான் அந்த விரலைப் பார்த்தேன்; அவன் உதட்டில் அந்தப் பேர் பாட்டாகிக்கொண்டிருந்தது. சாமியார் தண்ணீரை ஊற்றினார். பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தப் பிள்ளையும் வீறிட்டு அழும் இல்லையா? என் பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முகம் சிவந்தது, கை ரெண்டும் விரிந்தது, நெஞ்சு அப்படியே நின்றது. டெல்வினுடைய நெஞ்சு ஏறிக்கொண்டே போனது, வள்ளத்துப் பாய் மாதிரி.

தொம்மை மாமாதான் “எலே!” என்று கத்தினார். டெல்வின் தன் உதட்டைத் தானே கடித்தான். ரத்தம் வந்துவிட்டது. பிள்ளை வீறிட்டாள். அப்படி ஒரு அழுகை, கேட்கக் கேட்க இனிக்கிற அழுகை. நல்ல தொண்டை, நல்ல தொண்டை என்றார் ஒன்றும் தெரியாத சாமியார்.

வெளியே கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டான் டெல்வின். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவனிடம் போனேன். சட்டைக் காலரில் ரத்தம் ஒரு பொட்டு. அவன் கண்ணை நிமிர்த்தவே இல்லை.

“நான் போகல. நிவேதாட்ட சொல்லிருதேன். நாளைக்கு ஐஸ் கம்பெனிக்கே போறேன்.”

“அங்க மட்டும் மிஷின் ஓடாதாக்கும்? அங்கயும் வாய் சும்மா இருக்குமாக்கும்?”

“அப்போ என்ன செய்யச் சொல்லுத? நாக்கை அறுக்கவா?”

“கிறுக்கு மாதிரி பேசாத. பேரு வராம இருக்காதுன்னு சொல்லுத. சரி, வரட்டும். வந்த எடத்துல வேற பேரைப் போடு.”

“யார் பேரை? மாமாக்கு வயசாயிட்டு. மச்சான் தண்ணிக்குள்ள போறவரு. யாரு தாங்குவா, அவ்வளவு பாசத்துக்கு அவ்வளவு பெரிய வரி வரும்க்கா.”

“நான் தாங்குவேன்.”

அவன் இப்போதுதான் என்னைப் பார்த்தான். “உன் பேரா? அக்கா பேரை யாராவது சொல்லுவாவளா? வாயில வராதுக்கா. எத்தனை பாட்டுல உன்னைப் பாடியிருக்கேன் தெரியுமா, அக்கான்னுதான் வரும்.”

“அதான் எனக்கு ஒரு நாளும் மூச்சு நிக்கல. அக்கான்னா ஊர்ல நூறு அக்கா.”

“மரியாதையா இருக்குமா?”

“மரியாதையை நான் பாத்துக்கிடுதேன். வேணும்னா ஞாயித்துக்கெழமை அடுப்பைச் சீக்கிரம் அணைச்சுட்டு, பிள்ளையை உன் மச்சான் மடியில குடுத்துட்டு, நாற்காலியில உக்காந்துக்கிடுதேன். நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாடு.”

பிள்ளை என் தோளில் ஏப்பம் விட்டாள். கோயிலிலிருந்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்து, பக்கத்தில் வராமல், கொடிமரத்தடியில் கூடி நின்றார்கள். இது சரியாக வருமா, தாளம் ஒரு பேருக்குப் பதில் இன்னொரு பேரை ஏற்றுக்கொள்ளுமா, அவன் பாசம் பிள்ளையிடம் இருக்க மூச்சு மட்டும் என்னிடம் வந்து கேட்குமா, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை. சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அவன் பக்கத்தில் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன்.

“ரெக்சலின். அதான் என் பேரு. கட்டைவிரலைத் தட்டி, பயப்படாம, இப்ப ஒரு தடவை பாடுலே, பாப்போம்.”